அந்த ஒரு ரூமைத் தவிர

– ஊடு பூரா டவர் வரணும் மோசசு. கூடம், சமையக்கட்டு, மாடி, கெணத்தடி, கோழிக்கூண்டு வரைக்கும் வரணும். அதோ, அந்த ரூமுக்கு மட்டும் வரக் கூடாது.

– இன்னாக்கா சொல்றீங்க? கும்முடிபூண்டி பஜார்ல கடை போட்டு மூணு வருசம் ஆவுது. மாடிக்கு வரலப்பா, பெட்ரூமுக்கு வரலப்பான்னு பேஜாரு பண்ற பார்ட்டிங்களத்தான் பாத்திருக்கேன். வரக் கூடாதுன்னு கேட்ட மொத ஆளு நீங்கதான்.

– கேட்டுக்க. முடியுமா, முடியாதா?

– இருங்கக்கா. அது பெரிய பாய் ரூமுதான? நான் உள்ள நுழையும்போதே, "டவர் கோடு வந்துச்சா தம்பி, கோடு வந்துச்சா"ன்னு கேட்டாரே. மடியில சின்னதா ஒரு லாப்டாப் வெச்சிக்கினு குந்தியிருந்தாரு.

– அவருதான். எங்க ஊட்டுக்காரரோட அண்ணன். அந்த லாப்டாப்பு அவரு பொண்ணு சைதா குவைத்லேருந்து அனுப்பினது. போன மாசம் அவளுக்குப் புள்ள பொறந்துது. அத்தாவுக்கு முட்டி வலி, எழுந்து நடமாட முடியல, படுத்த வாக்குலயே பேரன் மூஞ்சியப் பாக்கட்டும்னு குடுத்தனுப்பினா.

– அய்யோ, அப்ப அந்த ரூமுக்குத்தானக்கா மொத டவரு குடுக்கணும்? உங்க பொண்ணு சிஃபா கடைக்கு வந்து சொன்னதும் அதான். "அண்ணே, எது வருதோ இல்லியோ, பெரியத்தா ரூமுக்கு ஃபுல்லா வரணும்"னுச்சு.

– அது சின்னப் புள்ள, கம்பெனில கம்ப்யூட்டர் தட்டத் தெரியும், இந்த ஊட்டப் பத்தித் தெரியாது. அதுக்கு நாஞ்சொல்லிக்கிறேன். அது வேலைக்குப் போயிருக்கிற நேரமாப் பாத்துத்தான் உன்ன வரச் சொன்னேன்.

– சரி. வேற ஒண்ணும் வேணாம்க்கா, பாஸ்வேர்டு குடுக்காம வுடுங்க. வேல முடிஞ்சிது. அவரு ரூம்ல கோடு காட்டும், நெட்டு வராது.

– சாயங்காலம் சிஃபா வந்து பெரியத்தா பக்கத்துல குந்திக்கினு போட்டுக் குடுத்துடும். பாஸ்வேர்ட கேட்டா குடுத்துடுவாங்க. செவுரு அப்டிக் குடுக்காது. எனக்கு செவுருதான் வேணும்.

– செவுருன்னு சொன்னீங்களே, அதான் மேட்டரு. இந்த ஊட்டு செவுரு ஒண்ணரை மொழம் இருக்குது, சுண்ணாம்பும் செங்கல்லுமா. மொத வாசல் ஒரு தெருவுல, கொல்ல வாசல் அடுத்த தெருவுல. ஒரு வைஃபை பொட்டி வெச்சா சமையக்கட்டு தாண்டாது. ரெண்டு வழி இருக்குது. ஒண்ணு, ரெண்டு பொட்டி வெச்சி நடுவுல ஒயர் இழுக்கலாம். ஓட்ட போடணும், தூசி பறக்கும், அப்புறம் என்னத் திட்டுவீங்க. இன்னொண்ணு ரிப்பீட்டர். கூடத்துல பெரிய பொட்டி, மாடிப்படி திருப்பத்துல ரிப்பீட்டரு. இங்க வாங்கி அங்க தள்ளும். வேகம் கொஞ்சம் கொறையும், ஆனா கோழிக்கூண்டு வரைக்கும் போவும்.

– ரிப்பீட்டரே வெய்யி.

– வெக்கிறேன். ஆனா பொட்டிக்கு போன் ஒயரு வேணுமே. போன் லைன் பெரிய பாய் ரூம்லதான முடியிது? அப்ப பொட்டி அங்கதான…

– அது அந்தக் காலம். அப்பாவு லைன்மேன் நேத்து வந்து கம்பத்துலேருந்து மொட்டமாடி மேல ஒயரு இழுத்து, இதோ இந்தக் கூடத்துல எறக்கிட்டுப் போயிட்டாரு. பாரு, செவுத்துல புதுசா இருக்குது.

– லைன் அவரு பேர்லதான இருக்குது? கையெழுத்து போட்டாரா?

– போட்டாரே. "பேரன் மூஞ்சி பாக்கணும்னா இங்க ஒரு கையெழுத்து போடுங்க மச்சான்"னேன். கண்ணாடி கூடப் போடாம போட்டாரு. இன்னா எழுதியிருக்குதுன்னு ஒரு வார்த்த கேக்கல.

– அக்கா, இதுல என்ன மாட்டி வுட்டுடாதீங்க.

– வேலயப் பாரு.

– பாக்குறேன், பாக்குறேன். இதோ, பச்ச லைட்டு வந்துடுச்சி. ரிப்பீட்டரும் ஏத்துக்கிச்சி. இப்ப சிஃபாவோட இந்த லாப்டாப்ப புடிச்சிக்கினு ஊடு பூரா ஒரு நட நடக்கணும், கோடு எண்ணணும். வாங்க. கூடம் அஞ்சு கோடு. சமையக்கட்டு நாலு.

– கொல்லப்பக்கம் வா.

– கெணத்தடி மூணு. கோழிக்கூண்டு… ரெண்டு, இல்ல மூணு. உங்க கோழிங்க இனிமே படமே பாக்கலாம். நான் ஒரு வாட்டி இத மாதிரி ஒரு ஊட்ல பண்ணேன்க்கா, சொல்லட்டுமா?

– சொல்லு.

– கடை போடறதுக்கு முன்னாடி சிப்காட்ல ஒரு கம்பெனில இருந்தேன். பரசுராமன்னு சூப்பர்வைசரு. ஒரு நாளு ஷிப்ட் முடிஞ்சி வெளிய வர்றப்போ, கேட்ல முந்நூறு பேரு முன்னாடி என்ன நிறுத்தி, ஷூவ கழட்டு, சாக்ஸ கழட்டு, பேன்ட்ட மடின்னான். ஏதோ சாமான் காணலயாம். என்னாண்ட ஒண்ணும் கெடையாது. சாரி கூட சொல்லல. நாலு வருசம் கழிச்சி அவனே கடைக்கு வரான், என்ன யாருன்னு தெரியல அவனுக்கு. "தம்பி, ஊட்டுக்கு வைஃபை போடணும்." போட்டேன். எங்க பொட்டி வெச்சேன் தெரியுமா? கக்கூஸ் செவுத்துக்குப் பின்னாடி. அங்க மட்டும் அஞ்சு கோடு. கூடத்துல ஒண்ணு. "சார், உங்க ஊடு கட்டுன வாக்கு அப்டி"ன்னு சொல்லிட்டு வந்துட்டேன். இன்னிக்கி வரைக்கும் அந்தாளு மெயில் பாக்கணும்னா அங்க போய்த்தான் குந்தணும்.

– மனசு ஆறிச்சா?

– சத்தியமா சொல்றேன்க்கா, ஒரு வாரம் தூக்கத்துல கூட சிரிச்சேன்.

– உன்னுது ஒரு வாரத்துல ஆறிச்சி. கேட்டுக்க மோசசு, எனக்கு பதினோரு வருசம். மாடிய பாத்துட்டு அந்த ரூமு வாசலுக்கு வா.

– மாடி நாலு கோடு. சூப்பரு. இப்போ ரூமு வாசலு… அய்யய்யோ. ரெண்டு கோடு காட்டுதுக்கா.

– ஒண்ணரை மொழ செவுத்துல எப்டி வரும்?

– செவுத்துல வரல. இதோ பாருங்க, கூடத்துக்கும் ரூமுக்கும் நடுவுல பொட்டி மாதிரி ஒரு பொந்து இருக்குதே. ஒல்லிப் பலகையில ஒரு கதவு. அது வழியா ஒழுவுது. இது இன்னாது, அலமாரியா?

– போன் பொந்து.

– போனுக்குப் பொந்தா?

– போன் அவரு ரூம்லதான் இருந்துது. தம்பி பொண்டாட்டி அண்ணன் ரூமுக்குள்ள கால் வெக்க மாட்டா, எங்க ஊட்டு வழக்கம். தொண்ணூத்தி ஆறுல எங்க ஊட்டுக்காரரு சவூதில தம்மாம்லேருந்து லீவுல வந்தாரு. "நான் போன் பண்ணா நீ எங்க நின்னு பேசுவ முபீனா"ன்னு கேட்டு, அவரு கையாலயே செவுத்த ஒடச்சாரு. அண்ணன் அந்தப் பக்கம் எடுப்பாரு, பொந்துல வெச்சிக் கதவத் தட்டுவாரு, நான் கூடத்துல நின்னு எடுத்துப் பேசலாம். எவ்ளோ சந்தோசமா பண்ணாரு தெரியுமா. சுண்ணாம்பு பூரா தலையில.

– நல்ல மனுசன்க்கா.

– நல்ல மனுசன், ஏமாந்த மனுசன். கதவு மாட்டுன ஆசாரி கொண்டிய அந்தப் பக்கம் வெச்சிட்டான். நான் சொன்னேன், கொண்டி நம்ம பக்கம் இருக்கட்டும்னு. "எங்க அண்ணன் பக்கம் இருந்தா இன்னா, அவரு இன்னா வேத்து ஆளா"ன்னு சிரிச்சாரு. அவரு ப்ளேன் ஏறினாரு. மூணாவது மாசம் கொண்டிய போட்டாரு பெரியவரு. அப்புறம் தெறக்கவே இல்ல.

– ஏன்க்கா?

– சைதாவுக்கு நிக்காஹ் ஆவல அப்போ. தம்பி அங்கியே இருந்து பணம் அனுப்பணும். நான் பேசுனா, வந்துடுங்கன்னு சொல்லுவேன். சொன்னா அவரு வந்துடுவாரு. அதுக்குத்தான் கொண்டி.

– நீங்க கேக்கலயா?

– கேக்கலயாவா? வெள்ளிக்கெழம ஜும்மா முடிஞ்சி மூணு மணிக்கு போன் அடிக்கும். நான் சமையக்கட்டுல போட்டது போட்டபடி ஓடி வந்து அந்த வாசப்படியில நிப்பேன். உள்ள போவ முடியாது. "ஒரு நிமிசம் குடுங்க மச்சான்"னு கையக் காட்டுவேன். ஒரு வெள்ளிக்கெழம கையில டீ கிளாஸு. அவருக்குன்னு போட்ட டீ. அந்தக் கிளாஸோட நிக்கிறேன், என் மூஞ்சிய நேராப் பாக்குறாரு, பாத்துக்கினே போன்ல சொல்றாரு. "முபீனா தூங்குறாப்பா."

– கடவுளே.

– பச்சப் பகல்ல மோசசு. கண்ணு முழிச்சி, கிளாஸப் புடிச்சி நின்னுக்கினு இருக்கேன். அடுத்த வெள்ளிக்கெழமயும் அதேதான். அதுக்கடுத்த வெள்ளிக்கெழமயும். நாலாவது வாரம் போனே அடிக்கல. மவுத்தா போயிட்டாருன்னு கம்பெனிக்காரங்க சேதிதான் வந்துது.

– இன்னா ஆச்சு அவருக்கு?

– மஞ்சக் காமால. அவரு கூட ரூம்ல இருந்தவரு கவரப்பேட்ட ராஜமாணிக்கம். ஆறு மாசம் கழிச்சி அவருதான் எங்க ஊட்டுக்காரரோட துணிப் பொட்டிய எடுத்துக்கினு வந்தாரு. இந்தக் கூடத்துலதான் குந்தி சொன்னாரு. மூணு வாரமும் ஆஸ்பத்திரிலேருந்து கைத்தாங்கலா எறங்கி வந்து போன் பண்ணாராம். கடேசி வாரம், "இன்னிக்காவது முழிச்சிக்கினு இருப்பாளா"ன்னு கேட்டுக்கினே நம்பர் சுத்துனாராம். வெச்சிட்டு வந்து, "மூணு வாரமா தூங்குறாளாமே, அவளுக்கு இன்னா நோவோ"ன்னு அழுதாராம். கேட்டுக்க. சாவப் போற மனுசன், எனக்கு நோவுன்னு நெனச்சிக்கினு செத்தாரு.

– தண்ணி குடிங்கக்கா.

– வேணாம். அந்தப் பொந்த அட.

– அக்கா, நான் ஒண்ணு சொன்னா கோச்சிக்கக் கூடாது. அவருக்கு எழுவது வயசு இருக்கும். முட்டி போயிடுச்சி. ஒரு கைப்புள்ள மூஞ்சி பாக்கணும்ங்கிறாரு. இத்தினி வருசம் அவருக்கு ஆக்கிப் போட்டவங்க நீங்க.

– ஆக்கிப் போட்டேன். துணி தோச்சேன். அவரு பொண்டாட்டி போனப்புறம் சைதாவுக்குத் தல பின்னி வுட்டு, நிக்காஹ் பண்ணி அனுப்பினேன். எதுலயும் கொற வெக்கல. இது ஒண்ணுதான் கேக்குறேன். இந்த ஊட்ல என் கைக்குன்னு ஒரு ஒயரு வந்து சேர இத்தினி வருசம் ஆச்சு. அவரு எழுந்து வரட்டும். கோல ஊனிக்கினு அந்த வாசப்படியில வந்து நிக்கட்டும். என்னக் கேக்கட்டும்.

– அதுக்குத்தான் கூடத்துல மட்டும் டவரா?

– அதுக்குத்தான். சொல்லு, எதப் போட்டு அடச்சா ஒழுவாது?

– இரும்பு. இரும்பு வெச்சா டவரு செத்துடும்.

– அந்த பீரோ இரும்புதான். எங்க ஊட்டுக்காரரு மொத லீவுல வாங்கிக் குடுத்தது. நீ அந்தப் பக்கம் புடி, நான் இந்தப் பக்கம் தள்றேன்.

– அக்கா…

– புடி மோசசு. கேட்ல உன்ன நிறுத்துனது ஒரு நாளு.

– சரி, தள்ளுங்க. மெல்ல. கால் மேல போட்டுக்காதீங்க. இன்னும் கொஞ்சம். ஆங்… போதும். மூடிடுச்சி.

– பாரு, எத்தினி கோடு?

– வாசப்படியில ஒண்ணு. இருங்க, உள்பக்கமா நீட்டுறேன். ஒண்ணுமில்ல. சுத்தமா போச்சி.

– முபீனா! இன்னா சத்தம் அங்க?

– அக்கா, உள்ளருந்து பெரிய பாய் கூப்புடுறாரு.

– பீரோவ நவுத்துனோம் மச்சான்.

– சரிம்மா, சரி. ரெண்டு கோடு வந்துது முபீனா, நான் பாத்தேன். இப்போ போயிடுச்சி. அந்தத் தம்பிய கொஞ்சம் பாக்கச் சொல்லு. நாலு மணிக்கு சைதா வருவா.

– உங்க ரூமுக்கு வராதாம் மச்சான். செவுரு தடிப்பாம்.

– தம்பி மோசசு! வந்துதேப்பா, ரெண்டு கோடு. என் கண்ணால பாத்தேன்.

– பாய், அது வந்து… இரும்பு பீரோ…

– நீ பேசாத மோசசு. இங்கதான் வரும் மச்சான், கூடத்துல. வேணும்னா எழுந்து வாங்க.

– எழுந்துக்க முடிஞ்சா வந்திருக்க மாட்டேனா? சரிம்மா, சரி. அந்தப் பொந்துக் கதவ தெறந்து வெய்யி. அது வழியா வருதோ இன்னாவோ.

– கொண்டி உங்க பக்கம்தான இருக்குது மச்சான். நீங்க தெறங்க.

– பாய் அந்தக் கொண்டியவே பாக்குறாரு அக்கா.

– பாக்கட்டும்.

– முபீனா.

– சொல்லுங்க மச்சான்.

– நீ சொன்னதெல்லாம் கேட்டுக்கினு, கேக்காத மாதிரிதான் இருந்தேன். நோவுன்னு அவன் எங்கிட்ட சொல்லலம்மா. "அண்ணே, முபீனாவக் கூப்புடு"ன்னு மட்டும்தான் சொன்னான். மூணு வாட்டியும் அதான் சொன்னான். எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா…

– எங்கிட்ட சொல்லத்தான் போன் பண்ணாரு.

– வயசுப் பொண்ண வெச்சிக்கினு இருந்தேன். அவன் வந்துட்டா இன்னா பண்ணுவேன்னு பயம். வேற ஒண்ணுமில்ல. அல்லா மேல ஆணையா வேற ஒண்ணுமில்ல.

– அது எனக்கும் தெரியும். உங்களுக்கு உங்க பொண்ணு. எனக்கு எங்க ஊட்டுக்காரரு. கொண்டி உங்க பக்கம் இருந்துது.

– இப்போ இன்னா பண்ணணும்ங்கிற?

– எழுந்து வாங்க.

– அக்கா, அவரு எழுந்துக்கினாரு. கோலு சத்தம் கேக்குது. நான் போயி புடிச்சிக்கட்டுமா?

– யாரும் புடிக்க வேணாம். என்ன யாரு புடிச்சாங்க?

– பாய், மெல்ல. வாசப்படி ஒசரமா இருக்குது. செவுத்தப் புடிச்சிக்கோங்க. அக்கா, அவருக்கு ஒரு நாற்காலி…

– நாற்காலிய எடுக்காத. அங்கியே நில்லுங்க மச்சான். அந்த வாசப்படியிலயே.

– முபீனா, மணி நாலாவப் போவுது. அவ கூப்புடுவா. ஒரு நிமிசம். ஒரே நிமிசம் அந்தப் புள்ள மூஞ்சியக் காட்டும்மா. அப்புறம் இன்னா வேணா பண்ணு. என்னக் கேக்க வெச்சிட்ட, கேட்டுட்டேன். கையேந்தி கேக்குறேன் பாரு.

– பாத்துக்கினுதான் இருக்கேன்.

– அக்கா, லாப்டாப்பு அடிக்குது! குவைத்து!

– எதத் தட்டணும்?

– இந்தப் பச்சைய. தட்டுங்க. கேமராவுக்கு நேரா குந்துங்க. ஆங், வந்துடுச்சி, படம் தெரியுது.

– சாச்சி! அஸ்ஸலாமு அலைக்கும்! எவ்ளோ தெளிவா தெரியுது உங்க மூஞ்சி. அழுதீங்களா இன்னா? இதோ பாருங்க, யாரு வந்திருக்கா பாருங்க. டேய், பாட்டியப் பாருடா. சாச்சி, மவுத்தான நம்ம சாச்சா பேருதான் வெச்சிருக்கோம். அசன் முகைதீன்னு. அத்தாவுக்குக் கூட இன்னும் சொல்லல, நேர்ல காட்டி சொல்லலாம்னு இருந்தேன்.

– வ அலைக்கும் ஸலாம்மா. இன்னா பேரு சொன்ன?

– அசன் முகைதீன், சாச்சி. மூக்கு கூட சாச்சா மூக்குதான். அத்தா எங்க? அவரு லாப்டாப்புக்கு மூணு வாட்டி அடிச்சேன், எடுக்கவே இல்ல, அதான் சிஃபாவோடதுக்கு அடிச்சேன்.

– அத்தா தூங்குறாரும்மா.

– தூங்குறாரா? இல்லியே… சாச்சி, உங்க பின்னாடிதான நிக்கிறாரு. கோல ஊனிக்கினு, வாசப்படியில. அழுவுறாரு. இன்னா ஆச்சு சாச்சி?

– தெரியும்மா. உங்க சாச்சா கடேசியா போன் பண்ணப்போ, நானும் அங்கதான் நின்னுக்கினு இருந்தேன்.